சைக்கிள் வால்வு வைத்த கார்புரேட்டர்

நான் ஓட்டிய மோட்டாரைப் பற்றி யார் கேட்டாலும் அதன் பித்தளை விளக்குகளைச் சொல்வேன், ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் ஹாரனைச் சொல்வேன், துரை பின் சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்காரும் தோரணையை நடித்தும் காட்டுவேன். கார்புரேட்டரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். இயந்திரம் தெரிந்த ஆள் யாராவது விடாமல் கேட்டால், ஏதோ ஒன்று கிடைத்தது, மாட்டினேன் என்று பேச்சை மாற்றிவிடுவேன். இந்த வயதில் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் நானே நிறையத் திட்டிக்கொண்டுவிட்டேன்.

ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். மலாயாவில், ஜொகூர்ப் பக்கம், சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் நான் டிரைவர். வண்டி, பெரிய சண்டைக்கு முன்பே சீமையில் செய்தது. பழைய துரை வாங்கி ஓட்டி, அலுத்துப்போய், அடுத்து வந்தவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. காலையில் முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றினால் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கும். அதன் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு நிலமும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அந்த வண்டியை எடுத்துவிட்டால் நான் யார் என்று கேட்டால் என்னிடமே பதில் கிடையாது.

முதலில் படுத்தது அதன் கார்புரேட்டர்தான். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டுகிற பித்தளைச் சாமான் அது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குள் தக்கையில் செய்த மிதவை. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே வந்து வழியை அடைக்க வேண்டும். எங்கள் தக்கை வருடக் கணக்காகப் பெட்ரோலில் ஊறி, மிதப்பதையே மறந்துவிட்டது. நான் அதை எடுத்து வெயிலில் காயவைத்து, நாற்காலிக்குப் பூசும் அரக்கு வார்னிஷை இரண்டு தரம் பூசி மாட்டுவேன். பத்து நாள் ஓடும். பிறகு மறுபடி மூழ்கி, பெட்ரோல் சாலையெல்லாம் சொட்டும். கடைசியில் கழுத்திலேயே விரிசல் விட்டது. துரை சீமைக்குக் கடிதம் போட்டார். வண்டி செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை மேசையில் வைத்த கையோடு துரை இன்னொரு தாளையும் எடுத்தார். வேலை இல்லாத ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியல். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. "வண்டி ஓடாது. டிரைவர் எதுக்கு?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

இரண்டு திருகாணித் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு ஓர் ஈர்க்கை முறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஜொகூர் பாருவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எதுவும் பொருந்தவில்லை. கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். மூன்றாம் நாள் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில், துருப்பிடித்த சங்கிலிகளுக்கு அடியில், கார்புரேட்டர் ஒன்று கிடந்தது. வேறு கம்பெனிச் சாமான், ஆனால் அளவு கிட்டத்தட்ட வரும் போலிருந்தது. ஈர்க்கை வைத்துப் பார்ப்பதற்காகக் கையில் எடுத்துத் திருப்பினேன். திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. அதன் கழுத்தில், கொஞ்சம் சாய்வாக, சைக்கிள் டியூப்பின் வால்வு ஒன்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது.

மோட்டார் கார்புரேட்டரில் சைக்கிள் வால்வைப் பற்றவைக்கிற பைத்தியக்காரன் ஜொகூர் முழுக்க ஒருவன்தான் இருந்தான். அவன் என் கூட்டாளி.

நாங்கள் இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஜொகூர் பாருவில் ஒரு பட்டறையில் சேர்ந்து கார் கழுவி, சேர்ந்தே ஓட்டக் கற்றோம். பிறகு எனக்கு இந்தத் தோட்டம், அவனுக்கு உலு திராம் பக்கம் ஒரு தோட்டம். லீவில் சந்தித்தால் வீட்டு நலம் விசாரிப்பதற்கு முன் ஒருவர் வண்டியை ஒருவர் திறந்து பார்ப்போம். அவன் வண்டியிலும் சொந்தச் சாமான் கெட்டுப்போய், கிடைத்ததைத்தான் மாட்டியிருந்தான். அது பெட்ரோலை அளவுக்கு மேல் ஊட்டியதால் கரும்புகை தள்ளியது. கூடக் கொஞ்சம் காற்று விட்டால் சரியாகிவிடும் என்று கழுத்தில் துளை போட்டு அந்த வால்வை வைத்தான். மூடியைத் திருகினால் காற்று நிற்கும், கழற்றினால் வரும். புகை நின்றது. ஆனால் சரிவில் இறங்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்தால், இயந்திரம் அந்தச் சின்ன வாய் வழியே காற்றை இழுத்து விசிலடிக்கும். நீளமாக, முடிவில் கொஞ்சம் நடுங்குகிற விசில். இதைச் சரி பண்ணக் கூடாதா என்று கேட்டால், "நான் வர்றது வீட்டுக்குத் தெரியணும்ல?" என்பான். அவனுக்குக் கல்யாணம் ஆன புதிது.

இரண்டு வருடத்துக்கு முன், வெள்ளக் காலத்தில், ஒரு மரப்பாலம் அவன் வண்டியோடு ஆற்றில் விழுந்தது. வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். தண்ணீர் வடிந்த பிறகு எருமைகளைக் கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. முதலை என்றார்கள் சிலர். கடலுக்கே போயிருக்கும் என்றார்கள் சிலர். நானும் இரண்டு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

தவுக்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாகுஸ், பாகுஸ்," என்றான், நல்ல சாமான் என்று. எங்கிருந்து வந்தது என்று மலாயில் கேட்டேன். "டாரி சுங்கை," என்றான். ஆற்றிலிருந்து.

நான் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். செத்தவன் வண்டிச் சாமானை இன்னொரு வண்டியில் மாட்ட எங்கள் டிரைவர்களில் யாரும் துணிய மாட்டார்கள். புது வண்டி வந்தால்கூடச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகர்த்த மாட்டோம். ஆனால் ஒரு வாரத்தில் ஐந்து நாள் போய்விட்டிருந்தது. ஈர்க்கை எடுத்து வைத்தேன். ஒரு நூல் அளவுதான் வித்தியாசம். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். பித்தளை பித்தளைதான், அதற்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்துக் கொட்டகையில் அதைப் பிரித்துப் போட்டேன். உள்ளிருந்த துளைகளில் எல்லாம் சாம்பல் நிற வண்டல் இறுகிக் கிடந்தது. ஊசியால் குத்தி, பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ இன்னும் வந்தது. சுத்தமாகிவிட்டது என்று துடைத்து வைத்தால் மறுநாள் காலையில் கிண்ணத்தின் அடியில் மெல்லிய மண் படிந்திருக்கும். நான்காவது தரம் கழுவும்போது எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

துளைகள் பொருந்துவதற்காகப் பித்தளைத் தகட்டில் ஓர் இடைப்பட்டை அறுத்து அரத்தால் ராவினேன். அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவே காற்றுப் புகாமல் இருக்க ஒரு மெத்தை வைக்க வேண்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தடித்த காகிதத்தில் வெட்டியிருப்பான். நான் ரப்பர் தோட்டத்துக்காரன் அல்லவா, புகைக்கூடத்தில் போய் நல்ல ரப்பர் ஷீட்டாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி அழகாக வைத்து இறுக்கினேன். பெட்ரோல் ரப்பரைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஓட்டை எதுவானாலும் ரப்பரை வைத்து அடைத்தே பழகிய கை. மறுநாள் அது ஊதிப்போய், பசையாகி, உள்ளே இழுக்கப்பட்டு, வண்டி இருமிக்கொண்டு நின்றது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் புத்தகத்தின் பழைய அட்டையைக் கேட்டு வாங்கி வெட்டி வைத்தேன்.

வால்வை மூடிவைத்து ஓட்டிப் பார்த்தால் கரும்புகை. அந்தச் சாமான் என் இயந்திரத்துக்கும் அளவுக்கு மேலேதான் ஊட்டியது. சரியான வைத்தியம் எனக்குத் தெரியும். பெட்ரோல் வரும் நுனித்துளையை ஈயத்தால் அடைத்து, அதில் சிறிய துளையாகப் போட வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. துரையோ, தவணை தாண்டிவிட்டது, வண்டி எங்கே, வண்டி எங்கே என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வால்வு மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி வெண்ணெயாக ஓடியது.

தோட்டத்தில் மேட்டிலிருந்து கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் இடத்தில் ஒரு சரிவு உண்டு. முற்பகல், பால் மரம் வெட்டியவர்கள் வாளியோடு நிறுவைக்கு வரும் நேரம். நான் காலை எடுத்தேன். விசில் வந்தது. சாலை ஓரமாக வாளிகளைத் தூக்கிவந்த பெண்களில் ஒருத்தி மட்டும் நின்றாள். அவள் கையிலிருந்த வாளி சாய்ந்து பால் முழுவதும் செம்மண்ணில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

அவள் என் கூட்டாளியின் மனைவி. அவன் போன பிறகு பெண் குழந்தையோடு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் இங்கே கங்காணி. உடம்பு கிடைக்காததால் அவனுக்குக் கருமாதி நடக்கவில்லை. தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடலாம் என்று அண்ணன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "புல்லுக்கெல்லாம் நான் தாலி அறுக்க மாட்டேன்," என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சரிவில் காலை எடுக்கிறவரை அவள் நினைவே எனக்கு வரவில்லை.

அன்று வேலை முடிந்ததும் அவள் நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே, வண்டியில என்ன மாட்டியிருக்கீங்க?"

"கார்புரேட்டர்மா. பழசு போயிடுச்சுல்ல."

"எங்க வாங்குனீங்க?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆற்றில் கிடந்த சாமானை மாட்டியிருக்கிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "சிங்கப்பூர்ல ஒரு பட்டறையில புதுசா செஞ்சு குடுத்தாங்க," என்றேன்.

"யாரு செஞ்சா?"

"யாரோ ஒரு ஆளு. நம்ம தமிழாளுதான்."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. பொய்யைக் கொஞ்சம் பொய் போல் தெரியாமல் ஆக்குவதற்காக இருக்கலாம். அவள் முகம் மாறியது. வேறு எதுவும் கேட்காமல், பானெட்டின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டுப் போனாள். அவள் மனதில் நான் என்ன நட்டுவிட்டேன் என்பது அடுத்த வாரம்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வால்வை அவன் பற்றவைத்தது அவர்கள் வீட்டு வாசலில். ஈயம் உருக்க அடுப்பை விசிறியவள் அவள். அப்படி ஒரு வேலையை வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் ஒரு தமிழாள் அதையே புதிதாகச் செய்து கொடுத்தான் என்றால் அந்த ஆள் யாராக இருக்க முடியும்? ஆற்றில் அடித்துக்கொண்டு போய், எங்கோ கரை ஏறி, தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்து, ஏதோ ஒரு பட்டறையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கை மட்டும் பழசை மறக்கவில்லை. இவ்வளவையும் அவளே கட்டி முடித்து, ஒவ்வொரு கல்லாக என்னிடம் சரிபார்க்க வந்தாள். ஆள் உயரமா? இடது புருவத்தில் தழும்பு இருந்ததா? நான் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். பார்க்கவில்லை என்பது இல்லை என்பதாகாது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் சரிவில் இறங்கும் போதெல்லாம் அவள் கீழே நின்றாள். வேலை இல்லாத நாட்களில் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு நிற்பாள். லயத்தில் மற்றவர்கள் கண்ணால் பேசிக்கொண்டார்கள். குழந்தையும் கூட நின்று விசிலைப் போலவே வாயால் ஊதிக் காட்டும்.

எனக்கும் அந்த வண்டியில் தனியாக இருப்பது போய்விட்டது. காலை எடுத்தால் அவன் மூச்சு விடுவான். காலை வைத்தால் அடங்குவான். பட்டப்பகலில், துரை பின்னால் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும்போதே, என் பக்கத்துச் சீட்டில் யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்வது போல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். விசில் வரக் கூடாது என்று ஒருநாள் காலை எடுக்காமலே சரிவில் இறங்கினேன். வண்டி தாவியது, துரை ஹாரன் சத்தத்தைவிடப் பெரிதாகக் கத்தினார். இன்னொரு நாள் மேட்டிலேயே நிறுத்தி வால்வை மூடிவிட்டு வந்தேன். புகை தள்ளி, மூச்சு முட்டி, வண்டி சரியாக அவள் வீட்டு வாசலுக்கு நேரே நின்றது. அவள் வெளியே வந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "அவரு வண்டியும் இப்படித்தாண்ணே, மூடி போட்டா நிக்கும்," என்றாள். நான் தண்ணீரைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சில மாதங்கள் இப்படியே போயின. பிறகு பட்டியல் வந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் மொத்தமாக ஊருக்கு. ரயிலில் பினாங்கு போய்க் கப்பல் ஏற வேண்டும். அவள் பெயரும் குழந்தை பெயரும் அதில் இருந்தன. அவள் வர மாட்டேன் என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய் ஒவ்வொரு பட்டறையாகத் தேடப் போவதாகச் சொன்னாள். வேலையே இல்லாத அந்தக் காலத்தில், அந்தப் பட்டணத்தில், ஒண்டியாக ஒரு பெண்ணும் குழந்தையும் என்ன ஆவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கங்காணி கொட்டகைக்கு வந்தார். தோட்டமே அவருக்குப் பயப்படும். என் முன்னால் அவர் அழுதார்.

"டைவரே, நீங்கதான் பேசணும். எங்க பேச்சு எதுவும் ஏறல. நீங்க சொன்னா அது கேக்கும். விட்டுட்டு எப்படிப் போவேன் நான்?"

மறுநாள் அவளை வரச் சொன்னேன். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தவுக்கே கடை, ஆறு, வண்டல், எல்லாம். பட்டறையும் இல்லை, தமிழாளும் இல்லை என்றேன். அவள் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சத்தியமாவா?"

"சத்தியமா தங்கச்சி."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள், தொடவில்லை. இயந்திரம் சூடாக இருந்தது.

"அதைக் கழட்டி எனக்குக் குடுத்துருங்கண்ணே. அவரு கை பட்டது. அதை வெச்சு எல்லாத்தையும் செஞ்சிடறேன். அப்புறம் நான் கப்பல் ஏறிடறேன்."

கொடுக்கிறேன் என்றேன். கொடுக்கத்தான் நினைத்தேன். அவள் போன பிறகு ஸ்பானரை எடுத்து முதல் திருகாணியைப் பாதி கழற்றினேன். அப்போது துரையின் மேசையும் அந்தத் தாளும் கண்ணுக்குள் வந்தன. இதைக் கழற்றினால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் அடுத்த கப்பலில் நான். ஸ்பானரைத் திருப்பி மறுபடி இறுக்கினேன்.

மூலையில் என் வண்டியின் பழைய கார்புரேட்டர், தக்கையும் விரிசலுமாகக் கிடந்தது. அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்தில் துளை போட்டேன். கிராணியின் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வால்வை அறுத்து, அதே சாய்வில் பற்றவைத்தேன். என் பற்று வழுவழுவென்று வந்துவிட்டது. அவனுக்கு அவ்வளவு சுத்தமாக வராது. அதனால் மறுபடி சூடாக்கி, ஈயம் ஒரு பக்கம் கட்டியாகத் தொங்கும்படி கெடுத்தேன். கவனமாக ஒரு வேலையைக் கெடுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். பிறகு அந்தப் பிற்பகல் வேலையையும் செய்தேன். வண்டியில் இருந்ததன் நுனித்துளையை அடைத்துச் சிறிதாக்கினேன், வால்வின் வாயை ஈயத்தால் நிரப்பினேன். புகையும் இல்லை, விசிலும் இல்லை. ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

நான் கொண்டுபோய்க் கொடுத்ததை அவள் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஈயக் கட்டியின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு அதை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஓடையோரம் தோட்டத்துச் சுடுகாட்டில் அதை வாழை இலையில் வைத்து, உடம்பைக் குளிப்பாட்டுவது போல எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டோம். நானும் போட்டேன். என் வண்டியின் பழைய சாமானுக்கு நானே அரிசி போட்டேன். அரிசி பித்தளை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கங்காணி குழி தோண்டி இறக்கினார். பிறகு பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தாலியை இறக்கிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். இரண்டு வருடமாக அழாதவள் அன்று அழுத அழுகையைக் கேட்டு நான் ஓடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் ரயில். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கங்காணி கெஞ்சியதால், அவளையும் குழந்தையையும் மட்டும் மோட்டாரில் கொண்டுபோய் விடத் துரை அனுமதித்தார். மற்றவர்கள் மாட்டு வண்டியில் முன்பே போய்விட்டார்கள். இயந்திரம் அவ்வளவு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை. சரிவில் காலை எடுத்தேன், ஒரு சத்தமும் இல்லை. அவள் மனசு கலங்கக் கூடாது என்று நான் செய்த வேலை எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அப்படி ஒரு முட்டாள் நான். அவள் பின் சீட்டில் குழந்தையை மடியில் கிடத்தி, ஸ்டேஷன் வரும்வரை உட்கார்ந்து வந்தாள்.

ரெங்கம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. கங்காணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் குழந்தையைத் தூக்கி ஜன்னல் வழியே கொடுத்தேன். அவள் படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"கார்புரேட்டர் மண்ணுக்குள்ள இருக்கு. இப்ப வண்டி எதுல ஓடுது?"

கோபமாகக் கேட்கவில்லை. டிரைவர் வீட்டில் வாழ்ந்தவள் சாதாரணமாகக் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்தது. ஈயக் கட்டிவரை யோசித்த எனக்கு அந்த ஒன்று தோன்றவே இல்லை.

"வேற ஒண்ணு கெடச்சிச்சும்மா. சிங்கப்பூர்லேர்ந்து."

காரியம் நடந்த நாளிலிருந்து நான் தோட்டத்தை விட்டு நகரவில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது என்பதால் அது அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கார்ட் விசிலடித்தார். அவள் கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், கீழே இறங்கியது.

"சரிண்ணே," என்றாள். ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் வரவில்லை.

அந்த வண்டியை இன்னும் சில வருடம் ஓட்டினேன். அவளிடமிருந்து கடிதம் வரவில்லை, நானும் எழுதவில்லை. என் பொய்யை அவள் நம்பினாளா, அல்லது எல்லாம் தெரிந்துகொண்டே, இனித் திரும்ப வழியில்லை என்று அந்தப் படியில் ஏறினாளா என்று தெரியாது. நம்பினாள் என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அந்தக் கை கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன். அவள் தாலியை இறக்கியது புருஷன் கை பட்ட சாமானுக்காக அல்ல, என் வேலை போகாமல் இருக்க நான் செய்த போலிக்காக.